டெலிவரி ஆப்புல மாசம் 1.77 லட்சம் சேல்ஸ், கல்லாவில் மிஞ்சினது எவ்வளவு? ஒரு ஆதம்பாக்கம் மெஸ் கணக்கு

போன வீடியோவுக்குக் கீழ ஹோட்டல், மெஸ், டிபன் கடை வச்சிருக்கறவங்க நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க. "ஆப்புல ஆர்டர் நல்லா வருது, ஆனா மாசக் கடைசியில காசு நிக்க மாட்டேங்குது, ஏன்?" வீடியோவில் செட்டில்மென்ட் ஸ்டேட்மென்ட்டை வேகமாக் காட்டிட்டுப் போயிட்டேன். இங்கே அதை வரி வரியாப் பார்க்கலாம். கையில கால்குலேட்டரும், உங்க கடையோட கடைசி மாச ஸ்டேட்மென்ட்டும் இருந்தா இன்னும் நல்லது.

எடுத்துக்காட்டுக்கு ஆதம்பாக்கத்துல இருக்கற ஒரு மெஸ். காலையில இட்லி, பொங்கல், தோசை, மதியம் சாப்பாடு, ராத்திரி மறுபடி டிபன். ஓனர் அண்ணனுக்கு ஐம்பது வயசுக்கு மேல. கல்லாவில் உட்கார்றது அண்ணி. ஆள் யாருன்னு தெரியக்கூடாதுன்னு எண்களை ரவுண்ட் பண்ணியிருக்கேன், இதே மாதிரி வேற ரெண்டு கிளையன்ட் கணக்கையும் கொஞ்சம் கலந்திருக்கேன்.

2020 மார்ச் ஊரடங்குல உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லாம, பார்சல் மட்டும்னு ஆனப்போ வேற வழியில்லாம ஆப்புல சேர்ந்த ஆயிரக்கணக்கான கடைகள்ல இதுவும் ஒண்ணு. ஊரடங்கு போச்சு, ஆப் போகலை. பக்கத்துல வேளச்சேரி, கிண்டி, மவுண்ட்னு வேலைக்குப் போற பசங்க, பிஜி ஹாஸ்டல்கள். மழை பெய்ஞ்சா ரோட்டுல தண்ணி நிக்கற ஏரியா, அன்னைக்கு ஆர்டர் இன்னும் கூடும். அண்ணன் என்கிட்ட வந்தது வரி விஷயமா இல்லை. "தம்பி, ஆப்புல மட்டும் மாசம் 1.77 லட்சம் ஓடுது. வேளச்சேரி பக்கம் ஒரு சின்ன கிச்சன் எடுத்து, டெலிவரிக்கு மட்டும் போட்டுடலாம்னு இருக்கேன். அண்ணி நகையை வச்சு எட்டு லட்சம். பேப்பர் ரெடி பண்ணிக் குடுங்க" என்றார். அண்ணி பக்கத்துலேயே இருந்தாங்க. "ஓடுதுதான். எங்க ஓடுதுன்னுதான் தெரியலை" என்று மட்டும் சொன்னாங்க.

அந்த 1.77 லட்சம் எங்கிருந்து வந்த எண்? ஆப்போட முகப்புல பெருசாக் காட்டற எண். மெனு விலைப்படி மொத்த ஆர்டர். மாசம் 590 ஆர்டர், ஒரு ஆர்டர் சராசரி 300 ரூபாய். இப்போ அந்த ஒரு 300 ரூபாய் ஆர்டரை மட்டும் எடுத்துப் பிரிக்கலாம். கமிஷன் சதவீதம் கடைக்குக் கடை மாறும். இது இவரோட ஒப்பந்தத்துல இருந்தது.

மெனு விலை 300. அதுல "ஆஃபர்" என்று ஓடற தள்ளுபடியில் கடையோட பங்கு 40. மீதி 260.
அந்த 260 மேல கமிஷன் 24%, அதாவது 62.40.
பேமென்ட் கலெக்‌ஷன் கட்டணம் 2%, அதாவது 5.20.
இந்த ரெண்டு மேலயும் 18% ஜிஎஸ்டி, 12.17.
விளம்பரம்: மாசம் 9,000, ஜிஎஸ்டியோட 10,620. 590 ஆர்டருக்குப் பிரிச்சா ஆர்டருக்கு 18.
டிடிஎஸ் 0.1%, 26 பைசா.
பேங்குக்கு வந்தது 161.97. சரி, 162ன்னு வச்சுக்கலாம்.

300 ரூபாய் சாப்பாட்டுக்கு 162. இதுல பலர் கவனிக்காதது அந்த 18% ஜிஎஸ்டி. பொதுவா ஒரு வியாபாரி கட்டற ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டா எடுத்துக்கலாம். ஆனா 2017 நவம்பர் 15லிருந்து சாதாரண ஹோட்டல்களுக்கு வரி 5%, இன்புட் கிரெடிட் கிடையாது. அதனால கமிஷன் மேல, விளம்பரம் மேல கட்டற 18% முழுக்க உங்க செலவு. யாராவது "24% கமிஷன்"னு சொன்னா மனசுக்குள்ள 28.3%னு படிங்க.

இன்னும் செலவு முடியலை. இவரோட மளிகை, காய்கறி, பால், எண்ணெய், கேஸ் பில்லை எல்லாம் ரெண்டு மாசத்துக்குச் சேர்த்துப் பார்த்ததுல, 300 ரூபாய் விற்பனைக்கு சரக்கு செலவு 126. பார்சல் டப்பா, சாம்பார் கவர், சட்னி கவர், மேல ஒரு பை எல்லாம் சேர்த்து 14. 162ல இருந்து 140 போனா நிக்கறது 22 ரூபாய்.

அதே 300 ரூபாய்க்கு ஒரு குடும்பம் கடையில உட்கார்ந்து சாப்பிட்டா? 300ல இருந்து 126 போக 174. வாடகை, மாஸ்டர் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் இந்த 174லயும் 22லயும் இருந்துதான் வரணும்.

590 ஆர்டருக்கு 22 ரூபாய், மாசம் 12,980. ஆப் ஆர்டரைப் பார்த்துப் பார்சல் கட்டறதுக்குன்னே ஒரு பையனை 14,000 சம்பளத்துல போட்டிருந்தார். அவ்வளவுதான், கணக்கு முடிஞ்சது. "சட்னி வரலை"ன்னு கஸ்டமர் புகார் பண்ணினா ரீஃபண்ட்னு பிடிக்கறதை நான் இதுல சேர்க்கவே இல்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "ஆனா தம்பி, கடை எப்படியும் திறந்துதானே இருக்கு? மாஸ்டருக்கு எப்படியும் சம்பளம் குடுக்கறேன்ல? 22 வந்தாலும் லாபம்தானே?" என்றார். சரியான கேள்வி. எம்பிஏ படிச்சவங்ககூட இதைத் தெளிவாக் கேட்க மாட்டாங்க. இதுக்கு பதில் "ஆமா"வும் இல்லை, "இல்லை"யும் இல்லை. ஆர்டர் எத்தனை மணிக்கு வருதுங்கறதுலதான் பதில் இருக்கு.

சாயங்காலம் நாலு மணிக்கு மாஸ்டர் சும்மா உட்கார்ந்திருக்கார், கல்லு சூடா இருக்கு. அப்போ வர்ற ஆர்டர்ல 22 கிடைச்சா அது உண்மையிலேயே உபரி. ஞாயித்துக்கிழமை காலை எட்டரை மணியை நினைச்சுப் பாருங்க. நங்கநல்லூர் கோயிலுக்குப் போயிட்டு வர்ற குடும்பங்கள் வாசல்ல நிக்குது. இவர் கடையில தோசைக்கல்லு ஒண்ணுதான். ஒரு தடவைக்கு நாலு தோசை. அந்த நேரத்துல ஆப் மிஷின் டிங் டிங்னு அடிக்குது, லேட் ஆனா ரேட்டிங் போயிடும்னு மாஸ்டர் முதல்ல ஆப் தோசையைத்தான் ஊத்தறார். உள்ளே உட்கார்ந்திருக்கறவர் இருபது நிமிஷம் காத்திருக்கார். வாசல்ல நிக்கறவர் அடுத்த கடைக்குப் போயிடறார். அப்போ ஒவ்வொரு ஆப் ஆர்டரும் 22 ரூபாய் சம்பாதிக்க 174 ரூபாயைத் துரத்தி விடுது. உங்க கடையில எது பற்றாக்குறைன்னு பாருங்க. கல்லா, டேபிளா, மாஸ்டரா, பார்சல் கவுண்டரா? அந்தப் பற்றாக்குறை நேரத்துல ஆப்பை ஆஃப் பண்ணுங்க. இவர் ஆர்டர் நேரங்களை இறக்கிப் பார்த்தா, 590ல 130க்கு மேல சனி, ஞாயிறு காலை எட்டுலிருந்து பத்தரைக்குள்ள. அந்த நேரத்துக்கு ஆப் மூடினதுதான் நாங்க செஞ்ச முதல் வேலை. அதுக்கு ஒரு பைசா செலவில்லை.

இனி வரி. இங்கேதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

2022 ஜனவரி 1லிருந்து, ஆப் மூலமா விக்கற ஹோட்டல் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டியது ஆப்தான், கடை இல்லை. ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 9(5). கஸ்டமர் பில்லுல சாப்பாட்டுக்குப் போடற 5%, நம்ம கணக்குல 260க்கு 13 ரூபாய், உங்க கைக்கே வராது. ஆப் வாங்கி ஆப்பே அரசுக்குக் கட்டும். அண்ணனோட ரிட்டர்ன் போட்டுக்கிட்டிருந்தவர் என்ன பண்ணியிருந்தார் தெரியுமா? கடை விற்பனை, ஆப் விற்பனை ரெண்டையும் கூட்டி மொத்தத்துக்கும் 5% கட்டியிருந்தார். ஒரே தோசைக்கு ரெண்டு தடவை வரி. மாசம் 590 ஆர்டருக்கு 7,670 ரூபாய், சொந்தக் கைக்காசு. வருஷத்துக்கு 92,000.

உங்க ஜிஎஸ்டிஆர்-3பி ஒண்ணை எடுத்துப் பாருங்க. கடையில நேரா விக்கறது 3.1(ஏ)ல வரணும். ஆப் மூலம் போனது 3.1.1ன்னு தனியா ஒரு கட்டம் இருக்கு, அதுல ரெண்டாவது வரியில வெறும் மதிப்பு மட்டும் வரணும், வரி இல்லை. ஜிஎஸ்டிஆர்-1ல அது டேபிள் 14. அந்தக் கட்டம் காலியா இருந்து, நீங்க ஆப்புல வியாபாரம் பண்றீங்கன்னா, ஒண்ணு ரெண்டு தடவை கட்டறீங்க, இல்லைன்னா விற்பனையையே காட்டாம விட்டிருக்கீங்க. ரெண்டும் தப்பு. அதிகமாக் கட்டினதைத் திரும்பக் கேட்க, கட்டின தேதியிலிருந்து 2 வருஷம்தான் டைம். அண்ணனுக்கு அதுக்கு முந்தினது போச்சு. மிச்சத்துக்கு ஆர்எஃப்டி-01 போட்டிருக்கோம், ஆப் தனியா வரி வசூல் பண்ணின பில்களையும் சேர்த்து. இன்னும் ஆர்டர் வரலை.

ஒரு சின்ன விதிவிலக்கு: இட்லிப்பொடி பாக்கெட், தண்ணி பாட்டில் மாதிரி பொருளா விக்கறது ஹோட்டல் சேவை இல்லை. அதை ஆப்புல வித்தா வரி நீங்கதான் கட்டணும்.

"வரி ஆப் கட்டுதுன்னா அந்த விற்பனை என் கணக்குல வராதுதானே?" என்று ரெண்டு பேர் கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. வரும். 20 லட்சம் ஜிஎஸ்டி வரம்பைக் கணக்குப் பண்ணும்போது ஆப் விற்பனையையும் சேர்த்துத்தான் பார்க்கணும். இது 2021 டிசம்பர் 17 தேதியிட்ட சுற்றறிக்கையிலேயே தெளிவா இருக்கு.

வருமான வரியிலும் அதே கதைதான். 2026 ஏப்ரல் 1லிருந்து புது வருமான வரிச் சட்டத்துல பிரிவு எண்கள் மாறுது; எல்லாருக்கும் பழகின பழைய எண்ணையே இங்கே சொல்றேன். 194-ஓ பிரிவுல ஆப் உங்க விற்பனை மேல டிடிஎஸ் பிடிக்கும். முதல்ல 1% ஆக இருந்தது, 2024 அக்டோபர் 1லிருந்து 0.1%. தொகை சின்னது. ஆனா அதோட வேலை பணம் பிடிக்கறது மட்டும் இல்லை, உங்க விற்பனை எவ்வளவுன்னு துறைக்குச் சொல்றதும்தான். அண்ணனோட 26ஏஎஸ்ல ஆப் விற்பனை வருஷத்துக்கு 18.4 லட்சம்னு இருக்கு. பேங்க் ஸ்டேட்மென்ட்டுல ஆப்புகிட்ட இருந்து வந்தது 11.5 லட்சம் சொச்சம். ரிட்டர்ன்ல காட்டினது எது? பேங்க்ல வந்தது. கிட்டத்தட்ட 7 லட்சம் வித்தியாசம். அவர் எதையும் மறைக்கலை. கையில வந்ததுதான் விற்பனைன்னு நினைச்சிருந்தார். நோட்டீஸ் அனுப்பற கம்ப்யூட்டருக்கு அந்த நியாயம் தெரியாது. உங்க விற்பனை 300ம் இல்லை, 162ம் இல்லை. உங்க தள்ளுபடி போக 260. கமிஷன், விளம்பரம் எல்லாம் செலவு.

44ஏடியில போறவங்க, அதாவது கணக்குப் புத்தகம் இல்லாம விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம்னு காட்டறவங்க, இன்னொண்ணும் பார்க்கணும். ஆப் பணம் பேங்க் வழியா வர்றதால 8% இல்லை, 6% காட்டினாப் போதும். ஆனா அந்த 6% 260 மேல. அதாவது ஆர்டருக்கு 15.60 லாபம்னு நீங்களே ஒத்துக்கறீங்க. வாடகை, சம்பளம் போறதுக்கு முன்னாடியே 22தான் நிக்குதுன்னா, ஆப் வியாபாரத்துல சம்பாதிக்காத லாபத்துக்குக் கணக்குக் காட்டறீங்க. கடை விற்பனை பெருசா இருக்கறவங்களுக்கு இது மொத்தத்துல கரைஞ்சு போயிடும். ஆப் மட்டுமே வச்சு கிச்சன் நடத்தறவங்க முறையா கணக்கு எழுதறது நல்லதான்னு உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுடுங்க.

அப்போ ஆப்பே வேண்டாமா? நாமக்கல்ல ஹோட்டல்காரங்க அப்படித்தான் முடிவெடுத்தாங்க. கமிஷனும் மத்த பிடித்தங்களும் தாங்கலைன்னு 2025 ஜூலை 1லிருந்து ஸ்விக்கி, சொமேட்டோவுக்கு சப்ளை நிறுத்தறதா சங்கமாச் சேர்ந்து அறிவிச்சாங்க. ஆர்டருக்குக் கமிஷன் இல்லாம சந்தாவில் ஓடற ஜாரோஸ் என்கிற ஆப் அந்தச் சமயத்துல ஹோட்டல் சங்க ஆதரவோட பேசப்பட்டது. இது புதுச் சண்டையும் இல்லை. அகில இந்திய அளவுல உணவக சங்கம் போட்ட புகாரை வச்சு 2022 ஏப்ரல்ல போட்டி ஆணையம் இந்த ரெண்டு நிறுவனங்கள் மேலயும் விசாரணைக்கு உத்தரவு போட்டது. சந்தா முறையில கணக்கு அப்படியே திரும்புது. கமிஷன் ஆர்டரோட ஏறும், சந்தா ஏறாது. ஆர்டர் நிறைய வந்தா சந்தா லாபம், வரலைன்னா சந்தாவே தண்டம். நாமக்கல் மாதிரி ஊர்ல எல்லாருக்கும் கடை தெரியும், சங்கம் ஒரே குரல்ல பேசும். ஆதம்பாக்கத்துல ஒரு மெஸ் மட்டும் வெளியே வந்தா, அந்த பிஜி பையன் அடுத்த கடையோட படத்தை அமுக்கிட்டுப் போயிடுவான். அண்ணனை ஆப்பை விட்டு வெளியே வரச் சொல்ல எனக்கு மனசு வரலை.

அதுக்குப் பதிலா நாலு மாசம் ஒரு சோதனை பண்ணினோம். விளம்பரம் முழுக்க நிறுத்தம். கடைப் பங்குத் தள்ளுபடி நிறுத்தம். ஆப்புல மட்டும் விலை 15% அதிகம். (இதைச் செய்யறதுக்கு முன்னாடி, கடை விலையும் ஆப் விலையும் ஒண்ணா இருக்கணும்னு உங்க ஒப்பந்தத்துல ஷரத்து இருக்கான்னு படிங்க. கையெழுத்து போட்ட அன்னைக்கு யாரும் படிச்சிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும்.) ஒத்தை இட்லி, ஒத்தை காபி மாதிரி சின்ன ஐட்டங்களை மெனுவிலிருந்து எடுத்துட்டு, செட்டா மட்டும். ஊத்தி வச்சா பத்து நிமிஷத்துல தொய்ஞ்சு போற ரவா தோசை வெளியே. ரீஃபண்ட் புகார்ல பாதி அதுதான்.

இப்போ அதே சாப்பாடு ஆப்புல 345. கமிஷன் 82.80, பேமென்ட் கட்டணம் 6.90, ரெண்டுக்கும் ஜிஎஸ்டி 16.14, டிடிஎஸ் 35 பைசா. பேங்குக்கு வர்றது 238.81. சரக்கும் டப்பாவும் 140 போக 99 ரூபாய்.

ஆர்டர் 590லிருந்து 340க்கு இறங்கிடுச்சு. முதல் மாசம் அண்ணன் தினமும் ராத்திரி எனக்கு ஆர்டர் எண்ணிக்கையை வாட்ஸ்அப்ல அனுப்புவார், கூடவே ஒரு அழற முகம். ஆனா 340க்கு 99 வீதம் 33,660. முன்னே 12,980. பார்சல் பையன் இப்போ சாயங்கால ஷிப்ட்ல பாதி நேரம் சப்ளையும் பார்க்கறான். ஞாயித்துக்கிழமை காலை டேபிள் வேகமாத் திரும்புது.

ஒவ்வொரு பார்சல்லயும் கடை நம்பர் போட்ட சின்ன அட்டை வைக்கறோம்: ரெண்டு கிலோமீட்டருக்குள்ள நேரா போன் பண்ணினா கடை விலைக்கே தர்றோம்னு. இதுவும் ஒப்பந்தத்தைப் பார்த்துட்டுச் செய்ய வேண்டிய விஷயம். நேரா வர்ற ஆர்டருக்கு 5% வரி நீங்கதான் கட்டணும், அதை மறந்துடாதீங்க, அது 3.1(ஏ).

எட்டு லட்சம் கடனுக்கு வருவோம். வேளச்சேரி கிச்சனுக்கு வாடகை 18,000, ரெண்டு ஆள் சம்பளம் 32,000, நகைக் கடன் வட்டி 10%ன்னு வச்சா மாசம் 6,700 சுமார். மொத்தம் 56,700. ஆர்டருக்கு 22 நின்ன காலத்துக் கணக்குப்படி இதை எடுக்கறதுக்கே மாசம் 2,577 ஆர்டர் வேணும், தினம் 86. அவருக்கு அப்போ வந்துக்கிட்டிருந்தது தினம் 20. நகை திரும்பி வந்திருக்காது. 99 ரூபாய்க் கணக்குப்படி 573 ஆர்டர் போதும், தினம் 19. முடியாத எண் இல்லை. ஆனா புது ஏரியா, புதுப் பேர், விளம்பரம் இல்லாம அந்த 19 வருமான்னு யாருக்கும் தெரியாது. விளம்பரம் போட்டா 99 நிக்காது.

அதனால கடன் பேப்பரை இப்போதைக்குத் தயார் பண்ணலை. இன்னும் ஆறு மாசம் இதே விலையில ஓடட்டும், ஜிஎஸ்டி ரீஃபண்ட் என்ன ஆகுதுன்னு பார்க்கலாம்னு பேசியிருக்கோம். அண்ணி ஒரு 192 பக்க நோட்டு வாங்கி, ஆப் ஆர்டரை மட்டும் தனியா எழுத ஆரம்பிச்சிருக்காங்க: தேதி, ஆர்டர் எண்ணிக்கை, மெனு விலை, பேங்குக்கு வந்தது, டப்பா எத்தனை போச்சு. மொபைல்ல எல்லாம் வருதேன்னு அண்ணன் சொன்னதுக்கு, "அது அவங்க கணக்கு, இது என் கணக்கு"ன்னு சொல்லிட்டாங்க. அந்த நோட்டோட கட்டங்களை அப்படியே எக்செல் ஷீட்டாப் போட்டு அடுத்த வீடியோவுக்குக் கீழ தர்றேன்.